ஆத்தாவின் அஸ்தியை எங்கே கரைப்பது? (குடும்பக் குழு, ஜூலை 2020)

செந்தில்: அத்தை, ஞாயிற்றுக்கிழமை ஆத்தாவின் அஸ்தியைச் சிறுமுகையில் கரைப்பதாகத்தானே பேச்சு? அங்கே மீன்கள் செத்து மிதப்பதாகவும், பவானி ஆற்றில் கொரோனா கலந்துவிட்டதாகவும் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது.

அத்தை: மீன் செத்தது உண்மை. இன்று காலை படித்துறையில் கெண்டையும் ஜிலேபியும் வயிறு வெளுத்துக் கிடந்தன.

பெரியப்பா: அந்தக் குரல்பதிவை யாரும் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம். நெதர்லாந்திலும் அகமதாபாத்திலும் சாக்கடை நீரில் அந்தக் கிருமியின் மரபணுத் துணுக்குகளைக் கண்டறிந்திருக்கிறார்கள் என்றாலும், ஆற்று நீர் வழியாக நோய் பரவியதற்குச் சான்று இல்லை. மேலே பில்லூர் அணையில் மின் உற்பத்தியை நிறுத்தும் நேரங்களில் பவானியில் நீர்வரத்து குறைந்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்துச் சாக்கடை மட்டும் நிற்பதில்லை. அந்த அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுவதால், மீன்கள் விடியற்காலையில் மூச்சுத் திணறிச் சாகின்றன. இதுவும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சித்தப்பா: ஊரடங்கில் ஆறெல்லாம் தெளிந்துவிட்டது என்றார்களே, அண்ணா?

பெரியப்பா: வீட்டுச் சாக்கடைக்கு ஏது ஊரடங்கு? திருப்பூரில் இருந்துகொண்டு நீ கேட்கிறாய். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது உன் மாமனார் பட்டறையும் அதில் இருந்ததே.

சித்தப்பா: அதை ஏன் இப்போது இழுக்கிறீர்கள்?

மாமா: பங்குக் கிணற்றுத் தகராறை அண்ணன் தம்பி இருவரும் தீர்த்திருந்தால், நாங்கள் ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்க வேண்டியதில்லை.

செந்தில்: யானைகள் செத்ததும் இந்தத் தண்ணீரால்தானா?

பெரியப்பா: கோவை வனக்கோட்டத்தில் இந்த ஆண்டு யானைகள் அடுத்தடுத்து இறந்தது உண்மைதான், ஆனால் உடற்கூறாய்வு சொல்லாததை நாம் சொல்லக் கூடாது. ஒன்று மட்டும் சொல்வேன். கோடையில் காட்டிலிருந்து அவை குடிக்க இறங்குவது பவானிசாகர் அணையின் இந்தப் பின்நீருக்குத்தான். மாயாற்றுப் பக்கத்து நீர்நாய்களுக்கு மீன்தான் உணவு. அணையில் பரிசல் போடுகிறவர்களுக்கும் அதுதான் பிழைப்பு. தொண்ணூறுகளில் சிறுமுகை ஆலைக் கழிவால் அணையில் மீன் செத்தபோது, அவர்களில் சிலர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கூலிக்குப் போனதை நான் பார்த்தேன்.

கவிதா: ஊராட்சியில் சொல்லிப் பிளீச்சிங் பவுடர் கொட்டினால் என்ன, பெரியப்பா?

பெரியப்பா: வேண்டாம், கண்ணு. குளோரின் மிச்ச மீனையும் கொன்றுவிடும். அழுக்கோடு சேர்ந்து வேறு நஞ்சாகவும் மாறும். தெருவில் தெளிப்பதே மழை வந்தால் ஆற்றுக்குத்தான் வருகிறது. நீங்கள் குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இந்த நேரத்தில் வயிற்றுப்போக்கு என்று போனால் பெரியாஸ்பத்திரியில் யார் பார்ப்பார்கள்?

அத்தை: அதெல்லாம் சரி அண்ணா, அஸ்தியை எங்கே கரைப்பது?

மாமா: மேட்டுப்பாளையத்துக்கு மேலே போய்விடலாம். அங்கே சாக்கடை கலக்காது.

சித்தப்பா: எனக்கு இன்னும் இ-பாஸ் வரவில்லை.

பெரியப்பா: செந்தில், நாளை விடியற்காலையில் படித்துறையைப் படம் எடுத்து, நேரத்தையும் குறித்து அனுப்பு. மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நகராட்சிக்கும் நான் மனு எழுதுகிறேன். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

சித்தப்பா: நான் யோசித்துச் சொல்கிறேன்.

கவிதா: ஆத்தா ஆசைப்பட்டது நம் படித்துறையைத்தானே?

மாமா: இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்கிறார்கள். கல்யாணத்தில் விட்டதுபோல் இதிலும் எங்கள் வீட்டை விட்டுவிடாமல், முதலில் அந்தப் பட்டியலைப் போடுங்கள்.