வழிப்போக்கருக்கென்று கட்டிய ஊர்: வடமராட்சிக்குப் போய்வந்தவர்களின் அனுபவங்கள்

டொரொண்டோ, பூர்வீகம் தும்பளை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சியில், பருத்தித்துறையிலிருந்து தும்பளைக்குப் போகிற வீதியில் ஒரு மடம் இருக்கிறது. வீதிக்குப் பக்கத்தில் இல்லை, வீதியின் மேலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் கல்தூண்களும் திண்ணையும், மேலே கூரை, நடுவால் பஸ்ஸும் சைக்கிளும் போகின்றன. தெருமூடி மடம் என்பார்கள். அம்மா சின்ன வயதில் மழைக்கு ஒதுங்கிய இடம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நேரில் போய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் ஊர் எனக்குப் பிடிபடத் தொடங்கியது.

அதுவரை நான் சொந்தக்காரர் வீடுகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, பழைய அல்பம், "மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்ற குறை. அன்பில் குறைவில்லை. ஆனால் அது எங்கள் குடும்பம்தான், ஊர் அல்ல. டொரொண்டோவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனாலும் அவர்களில் பாதிப்பேரைப் பார்த்துவிடலாம்.

மடத்துத் திண்ணையில் எனக்கு எதிரே ஒரு முதியவர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆற்றை பிள்ளை நீங்கள்?" யாருடைய பிள்ளை என்று கேட்கிறார்.

அம்மப்பாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பெயர் பிடிபடவில்லை, கிணறுதான் பிடிபட்டது. "துலாக் கிணறு இருந்த வளவோ? கோயில் ஒழுங்கையாலை போய் முடக்கிலை? ஐயோ பிள்ளை, அந்தத் துலா மிதிச்சு நான் எத்தினை நாள் தண்ணி இறைச்சிருக்கிறன்! உங்கட அம்மம்மா புகையிலைக் கண்டுக்குத் தண்ணி விட்டு முடிஞ்சவுடனை பழஞ்சோத்துத் தண்ணி கரைச்சுத் தருவா."

அம்மம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று அது. அந்த முதியவர் எங்களுக்கு உறவுமில்லை. நான் அந்தத் திண்ணையில் இருக்காவிட்டால் அவரைச் சந்தித்திருக்கவே மாட்டேன். வழியால் போகிறவர் உட்காரட்டும் என்று யாரோ கட்டி வைத்த இடம், பல தலைமுறைக்குப் பிறகு எனக்கும் உதவியது.

அதற்குப் பிறகு நடக்கும்போது என் கண் அந்த மாதிரியானவற்றையே தேடியது. ஒழுங்கை ஓரத்தில் ஒரு சுமைதாங்கி: இரண்டு கல்லை நட்டு, தோள் உயரத்தில் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு தனியே வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, திரும்பத் தூக்கிக்கொண்டு போகலாம். பெரும்பாலும் பிள்ளை வயிற்றிலிருக்க இறந்துபோன பெண்களின் நினைவாகத்தான் இவற்றை நட்டார்கள். வீட்டுத் துக்கத்தை ஊர் பேர் தெரியாத ஒருவரின் களைப்பு ஆற்றும் கல்லாக மாற்றியிருக்கிறார்கள். இதைவிட நல்ல நினைவுச்சின்னம் நான் எங்கும் பார்த்ததில்லை. பக்கத்திலேயே மாடுகள் தண்ணீர் குடிக்கக் கேணி, அவை உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், நிழலுக்கு மரம். வண்டிமாடுகளும் சந்தைக்கு நடப்போரும் போன காலத்துப் பாதை அது. மோட்டார் வாகனம் வந்தபின் அவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. இருக்கிறவற்றையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டுப் பார்க்க வையுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். "ஆற்றை பிள்ளை" என்ற கேள்வி எல்லோருக்கும் ஒரே மாதிரி இனித்ததில்லை. அதற்குள் சாதி விசாரிப்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போவதற்காக மக்கள் வாசலில் நின்று போராட வேண்டியிருந்த மண் இது. கிணறும் மடமும் கோயிலும் எவருக்குத் திறந்திருந்தன, எவருக்கு மூடியிருந்தன என்று ஊரில் மூத்தவர்களிடம் நான் கேட்டேன். சிலர் பேச்சை மாற்றினார்கள். ஒரு அம்மா மட்டும் தன் தகப்பனுக்குத் தேத்தண்ணிக் கடையில் தனியாக வைத்த கிளாஸைப் பற்றி வெகுநேரம் கதைத்தார். அவர் கதைத்ததும் என் பூர்வீக ஊர்தான்.

அதனால்தான் செல்வச்சந்நிதி எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது. தொண்டைமானாற்றங்கரையில் முருகன் கோயில். மந்திரம் ஓதுகிற பூசை இல்லை. கதிர்காமத்தில் போலவே பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். ஆலிலைகளில் அமுது படைக்கிறார்கள். கோயிலைச் சுற்றி மடங்கள், எல்லாவற்றிலும் சோறு. அன்னதானக் கந்தன் என்று இந்த முருகனுக்குப் பெயர். நானும் பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறிய தம்பி என்னிடம் "எந்த ஊர்" என்று கேட்கவில்லை, "ஆற்றை பிள்ளை" என்றும் கேட்கவில்லை. "அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்று மட்டும் கேட்டான். பக்கத்தில் இருந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, என்னை அவருக்கும் தெரியாது. பயணம் முழுவதிலும் நான் வயிறாறச் சாப்பிட்ட சாப்பாடு அது.

காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ் பற்றியும் எழுத வேண்டும், ஆனால் அது தனியே எழுத வேண்டிய சங்கதி. மாமி நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் போட்டுக் காய்ச்சி, பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தா. கோப்பையில் குடித்தால் அந்த ருசி இல்லை என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

லண்டன், பூர்வீகம் வல்வெட்டித்துறை

அக்கா எழுதியதைப் படித்தபின் என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நான் போனது தைப்பொங்கலுக்கு. அன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி. கொக்குப் பட்டம், எட்டுமூலை எல்லாம் அப்பா சொல்லித் தெரியும். அங்கே ஏறினவை வேறு. கப்பல், பறவை, மிருகம், வானத்தில் போய் அசைகிற பொறிகள் என்று ஒரு வருசத்து யோசனையை மூங்கில் ஈர்க்கிலும் கடதாசியிலும் கட்டியிருந்தார்கள். பெரியதொன்றை ஏற்ற ஒரு கூட்டமே நூலைப் பிடித்து ஓடியது. வாடைக்காற்று கடல் பக்கமிருந்து அடிக்க, பட்டத்தில் கட்டுகிற விண் என்ற நாண் கூவுகிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

நான் படம் எடுத்துக்கொண்டு நின்றவரை என்னை யாரும் கவனிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து படம் எடுக்கிறவர்கள் அவர்களுக்குப் புதிதா என்ன? ஒரு பெடியன் குந்தியிருந்து முச்சை, அதுதான் பட்டத்தை நூலோடு இணைக்கிற கட்டு, கட்டிக்கொண்டிருந்தான். "மேல் நூலைக் கொஞ்சம் கட்டையாக்கினால் குத்தாதோ?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தான். "அண்ணை, உங்களுக்குக் கட்டத் தெரியுமோ?" அப்பா குரொய்டனில் பூங்காவில் வைத்துப் பழக்கியது. அதற்குப் பிறகு இருட்டும்வரை நூலைப் பிடிக்கிற வேலை எனக்கு.

எங்கள் ஊருக்குப் போகிறவர்கள் அன்னபூரணி பற்றிக் கேட்டுவிட்டு வாருங்கள். வல்வெட்டித்துறையில் கட்டின பாய்க்கப்பல். அதை ஒரு அமெரிக்கர் வாங்க, எங்கள் ஊர் மாலுமிகளே ஓட்டிக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அப்பா சொல்லும்போது பெருமைக் கதையாகத்தான் எனக்குப் பட்டது. அந்தக் கடற்கரையில் நின்று, காற்று எந்தப் பக்கம் எப்போது மாறும் என்று பட்டக்காரர்கள் வாதாடுவதைக் கேட்டபோது நம்பினேன். கப்பல் கட்டின கையும் காற்று பார்த்த கண்ணும் பொங்கல் நாளில் இன்னும் வேலை செய்கின்றன. இதை அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், அவர் கேட்டது ஒன்றுதான்: "ஆற்றை பட்டத்துக்கு முதல் பரிசு?"

கரவெட்டி

நான் ஊரிலேயே இருக்கிறவன். வருகிறவர்களின் பக்கத்தை இருவரும் எழுதிவிட்டீர்கள், இருக்கிறவர்களின் பக்கத்தை நான் கொஞ்சம் சொல்கிறேன்.

முந்தி எங்கள் பக்கத்தில் சங்கடப்படலை வைத்த வீடுகள் இருந்தன. படலைக்கு மேலே ஓலைக் கூரை, இரண்டு பக்கமும் இருக்கத் திண்ணை, ஒரு மண்பானையில் தண்ணீர். வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே வழிப்போக்கர் இருந்து குடித்துவிட்டுப் போகலாம். தங்கை எழுதிய தெருமூடி மடம் ஊருக்குச் செய்ததை இது ஒரு வீட்டளவில் செய்தது. இப்போது தேடித்தான் காட்ட வேண்டும். கிடுகு வேலி இருந்த இடங்களில் மதில். அதற்குள்ளே பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, திறப்பு அயலட்டையில் யாரிடமாவது இருக்கும். உங்களில் சிலருடைய வீடுகளும் அவற்றில் இருக்கலாம்.

உங்களைக் குறை சொல்லவில்லை. ஏன் போனீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும், போர்க்காலத்தில் நாங்களும் அதே செல்லடிக்குள்தான் இருந்தோம். ஆனால் வந்து வளவைத் துப்புரவாக்கி மதில் கட்டும்போது, இருக்கிற பழைய திண்ணையை இடித்துப் போடாதீர்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் கேற்றுக்கு வெளியே இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு கட்டாவது வைத்துவிடுங்கள். நான் வைத்திருக்கிறேன். மீன் கொண்டுவாற அண்ணை அதிலிருந்துதான் மீன் வெட்டித் தருவார். பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி பின்னேரம் வந்தால் பொழுதுபடும்வரை எழும்பமாட்டா.

வருகிற காலத்தையும் பார்த்து வாருங்கள். ஆவணியில் சந்நிதித் திருவிழா, புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கோயில் கடல் தீர்த்தம். மணல் சுடும், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்க வேண்டும், விடியவே போனால் நல்லது. பனம்பழமும் அந்த நாட்களில்தான் விழும், பனங்காய்ப் பணியாரம் சுடாத வீடு குறைவு. திரும்பும்போது பருத்தித்துறை வடை வாங்குங்கள், தட்டையாக மொறுமொறுவென்று இருக்கும், பல நாள் கெடாது. வான் பிடித்துக்கொண்டு ஓடித் திரியாமல் யாழ்ப்பாணத்திலிருந்து 750 பஸ்ஸில் வாருங்கள். வல்லை வெளி தாண்டி நெல்லியடியில் இறங்கினால் கரவெட்டிக்கு நடக்கிற தூரம்தான்.