சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை: பவுடர் போடுவதா, கழற்றிப் பார்ப்பதா?

கேள்வி – காரிமங்கலம் வீடு

தனி வீடு, தரைத்தளம் மட்டும். ஒற்றைத் தொட்டி ஸ்டீல் சிங்க். அடியில் பிளாஸ்டிக் பாட்டில் ட்ராப் (சாக்கடை நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கிண்ணம்). அதிலிருந்து வளையும் வெள்ளை வேஸ்ட் பைப், சுவரில் இருக்கும் ஒன்றரை இன்ச் பிவிசி பைப்பில் செருகியிருக்கிறது. அந்த பைப் சுவருக்குள் இறங்கி, தரைக்கடியில் சுமார் 10 அடி ஓடி, பின்பக்கம் சேம்பரில் (கழிவுநீர்த் தொட்டியில்) விழுகிறது.

ஒரு வாரமாக இரண்டு பாத்திரம் கழுவினாலே தண்ணீர் தேங்கிவிடுகிறது. முழுதாக வடிய 20 நிமிடம் ஆகிறது. வீட்டில் தினமும் ராகிக் களி. குண்டானை ஊறவைத்து சிங்க்கிலேயே தேய்க்கிறோம். பாத்திரம் கழுவ போர் தண்ணீர்தான், நல்ல உப்பு. கொதிக்கும் தண்ணீர் இரண்டு முறை ஊற்றியாச்சு. ஆப்பசோடாவும் வினிகரும் போட்டாச்சு, பொங்கியது, அவ்வளவுதான். அடைப்பு நீக்கும் பவுடர் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. போடலாமா?

ஓசூர் பிட்டர்

பிரிக்காம அப்படியே வைங்க. அடைப்பு எந்த இடத்துலன்னு தெரியாம எதை ஊத்தினாலும் வீண்.

சிங்க் அடியில ஒரு பக்கெட் வைங்க. சுவர் பைப்புல செருகியிருக்கிற வளையும் பைப்பை மெல்ல உருவி, நுனியை பக்கெட்டுக்குள்ள விடுங்க. சிங்க்ல தேங்கின தண்ணி சடசடன்னு பக்கெட்ல விழுந்தா ட்ராப் சுத்தம், கோளாறு சுவருக்குள்ள. சொட்டுச் சொட்டா விழுந்தா அடைப்பு மேலதான். அதோட நிறுத்தாதீங்க. சுவர்ல தெரியிற பைப் வாய்ல ஒரு சொம்பு தண்ணியை நேரா ஊத்திப் பாருங்க. உள்வாங்கிக்கிட்டா சரி, வாய் வரைக்கும் எதிர்த்து வந்தா அங்கயும் வேலை இருக்கு. ரெண்டு இடத்துலயும் அடைச்சிருக்கறது சகஜம். இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை.

கொதிக்கிற தண்ணி வேண்டாம். பிவிசி 80 டிகிரி வாக்குல இளக ஆரம்பிச்சிரும். சுவருக்குள்ள பைப் தொய்ஞ்சா அப்புறம் அந்தத் தொய்வுதான் நிரந்தர அடைப்பு. கை பொறுக்காத சூடு, அதாவது 60 டிகிரி போதும். கொதிச்ச தண்ணியில பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணி கலந்தா ஏறக்குறைய அந்தச் சூடு வரும்.

ஆப்பசோடாவும் வினிகரும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு கடைசியில உப்புத் தண்ணி மாதிரி ஒண்ணுதான் மிஞ்சும். நுரை பார்க்க அழகா இருக்கும்.

பாலக்கோடு 2-வது தெரு

நானெல்லாம் இவ்வளவு யோசிக்கமாட்டேன். பாத்ரூம் கழுவுற ஆசிட் அரை பாட்டில், ஒரு மணி நேரம். முடிஞ்சது கதை.

மொரப்பூர் ஜங்ஷன்

அண்ணா, தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லாதீங்க. ஆசிட் கொழுப்பைக் கரைக்காது. எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கக் காரம், அதாவது சோடா மாதிரி ஒண்ணு வேணும், ஆசிட் நேர் எதிர். கூடவே ஸ்டீல் சிங்க்கும், அதன் ஓட்டையில மாட்டியிருக்கற வேஸ்ட் கப்ளிங்கும் அரிச்சுப் புள்ளி விழும். ஏற்கெனவே பவுடர் போட்ட பைப்புக்குள்ள ஆசிட் போச்சுன்னா ரெண்டும் சேர்ந்து கொதிச்சு மூஞ்சிக்கே எகிறும். பிளீச்சிங் பவுடர் மேல ஆசிட் பட்டா குளோரின் வாயு. ஜன்னல் சாத்தின சமையல்கட்டுல அது விளையாட்டில்லை.

காரிமங்கலம் சார் கேட்ட பவுடருக்கு வரேன். அதுல இருக்கறது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. வெறும் எண்ணெய் அடைப்புன்னா வேலை செய்யும். உங்க கேஸ்ல ராகி இருக்கு. மாவுச்சத்து மேல காரம் பட்டா அது கரையாது, ஊதிப் பசையாகும். போஸ்டர் ஒட்டற பசையை பைப்புக்குள்ளயே காய்ச்சற மாதிரி. அடுத்தது, காஸ்டிக் கொழுப்பைச் சோப்பாக்கும். அந்தச் சோப்பு மேல நீங்க விடப்போறது போர் தண்ணி. அதுல இருக்கிற கால்சியம், மெக்னீசியம் சேர்ந்ததும் கரையாத வெள்ளைத் திப்பியா திரியும். ட்ராப்புல இருந்த அடைப்பு அஞ்சடி தள்ளிப் போய் உட்காரும். முன்னாடி கை எட்டின இடம் இப்ப எட்டாது.

நம்ம தருமபுரி மாவட்டத்துல உப்புத் தண்ணின்னாலே ஃபுளோரைடைக் கைகாட்டிடுவாங்க. பல்லுக்கும் எலும்புக்கும் அது வில்லன்தான், பைப் அடைப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. உப்பு குறைஞ்ச ஒகேனக்கல் காவிரித் தண்ணி வர வீடா இருந்தா கடைசி அலசலுக்கு மட்டும் அதுல ரெண்டு குடம் ஒதுக்குங்க.

இன்னொண்ணு: பவுடர் போட்டுட்டு போகலைன்னு பிளம்பரைக் கூப்பிட்டா, போட்டதை முதல்லயே சொல்லிடணும். அவர் ட்ராப்பைக் கழட்டறப்ப தேங்கின காஸ்டிக் தண்ணி கை மேலயும் கண்ணுலயும் கொட்டும். கண்ல பட்டா 15 நிமிஷத்துக்குக் குறையாம ஓடற தண்ணியில கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிதான்.

காவேரிப்பட்டணம் அக்கா

பாட்டில் ட்ராப்பைக் கழற்றத் தெரியாமல்தான் பாதிப் பேர் பவுடர் வாங்குகிறார்கள். கருவி எதுவும் தேவையில்லை.

அடியில் கிண்ணம் மாதிரி தெரிகிற பகுதியைக் கையால் பிடித்து, கீழிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்புங்கள். வழுக்கினால் பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிப் பிடிக்கலாம். பைப் ரெஞ்சு வேண்டாம், பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும். கழலும்போது கறுப்பு ரப்பர் வாஷர் ஒன்று கூடவே வரும். பக்கெட்டில் விழுந்து, அந்தத் தண்ணீரோடு கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வாஷர் தடித்தோ வெடித்தோ இருந்தால் கடைக்கு அதையே கையில் எடுத்துப் போவது நல்லது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு.

கிண்ணத்துக்குள் மேலிருந்து ஒரு குழாய் இறங்கி நிற்கும். அந்தக் குழாய்க்கும் கிண்ணச் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில்தான் எல்லாம் தங்கும்: களிக் காந்தல், தேங்காய் நார், கடுகு, புளிக் கோது, பாத்திர சோப்புக் கட்டியில் இருக்கும் வெள்ளைப் பொடி. பால் பாட்டில் பிரஷ் அந்த இடுக்குக்கு அளவெடுத்தது மாதிரி பொருந்தும். கழற்றிய ட்ராப்பை அந்த சிங்க்கிலேயே கொண்டுபோய்க் கழுவாதீர்கள். கீழே எதுவும் இல்லை என்பது கால் நனைந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

கழற்றி வைத்திருக்கும்போதே டார்ச் அடித்து வேஸ்ட் கப்ளிங்கைக் கீழிருந்து பாருங்கள். ஜாலியின் குறுக்குக் கம்பிகளில் நார் மாலைபோல் தொங்கும். வளையும் பைப்பின் மடிப்புகளில் பிசுக்கு ஏறியிருந்தால் தேய்த்து மினக்கெட வேண்டாம், புதிதாகப் போட்டுவிடுங்கள். வாங்கும்போது தேவையான நீளத்துக்கு மேல் வாங்காதீர்கள். மிச்ச நீளம் தொங்கி வளைந்து இன்னொரு ட்ராப்பாகிவிடும்.

திரும்ப மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். கசிவைத் தடுப்பது வாஷர், மரை அல்ல. வாஷரும் அது உட்காரும் விளிம்பும் சுத்தமாக இருந்தால் கைமுறுக்கே போதும். பிறகு அடியில் காய்ந்த நியூஸ்பேப்பரை விரித்து, சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுக்கும்.

காரிமங்கலம் வீடு

எல்லாருக்கும் நன்றி. ட்ராப்பைக் கழற்றினேன். அரை டம்ளர் அளவுக்குக் களி மாதிரியே கெட்டியாக இருந்தது, நடுவில் நார். சுத்தம் செய்து மாட்டியாச்சு. இப்போது 20 நிமிடம் 6 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் பிட்டர் அண்ணா சொன்ன மாதிரி சுவர் பைப்பில் ஊற்றினால், அரை சொம்புக்கு மேல் எதிர்த்து வருகிறது. ரப்பர் பம்பு அடித்துப் பார்க்கலாமா? தரையை உடைக்கச் சொல்லாதீர்கள், டைல்ஸ் போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது.

ஓசூர் பிட்டர்

டைல்ஸை உடைக்க வேண்டியதில்ல. ரப்பர் பம்பும் உங்களுக்குச் சரிவராது. சுவர்ல பைப்பைச் சும்மா செருகித்தானே இருக்கு? அழுத்தம் கொடுத்தா அந்த ஜாயிண்ட் பிடுங்கிக்கிட்டு கப்போர்டு பூரா சாக்கடைத் தண்ணி.

ஹார்டுவேர் கடையில 6 எம்எம் தடிமன், 5 மீட்டர் நீளத்துல டிரெயின் ஸ்பிரிங் கேளுங்க. கைப்பிடியோட வரும். பாட்டில் ட்ராப் வழியா அது போகாது. சுவர் பைப் வாய்ல நேரா விடுங்க. கைப்பிடியை எப்பவும் வலஞ்சுழியாவே சுத்தணும். வெளிய எடுக்கறப்பவும் அதே பக்கம்தான். மாத்திச் சுத்தினா சுருள் பிரிஞ்சு உள்ளயே சிக்கிக்கும், அப்புறம் நிஜமாவே டைல்ஸ் உடைக்கணும்.

நுனி தட்டற விதம் கையில தெரியும். டக்குனு கட்டியா நின்னா அது எல்போ, அதாவது பைப் திரும்பற முனை. அழுத்தாம, சுத்திக்கிட்டே தள்ளினா திரும்பிப் போயிடும். மெத்துனு உள்வாங்கற மாதிரி இருந்தா அதுதான் அடைப்பு. அந்த இடத்துல ஒரு அடி முன்னும் பின்னுமா பத்துத் தடவை போக விடுங்க. துளை போட்டதும் தண்ணி இறங்கும், உடனே சரியாயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க. பென்சில் அளவு துளை ரெண்டு வாரத்துல திரும்ப மூடிக்கும்.

அதுக்கப்புறம் சேம்பர் பக்கம் போங்க. அரை இன்ச் ஹோஸை பைப் வாய்ல கீழிருந்து மேலாத் தள்ளி மோட்டாரைப் போடுங்க. அழுக்கு உங்க காலடியிலயே வந்து விழும், சமையல்கட்டுப் பக்கம் ஏறாது. மேலிருந்து அடிச்சீங்கன்னா அத்தனையும் இன்னும் கீழ போய் இறுகும். கடைசியா சலவைச் சோடா 150 கிராம் ஒரு பக்கெட் சூட்டுத் தண்ணியில கரைச்சு, சிங்க்ல நிரப்பி ஒரே தடவையில திறந்து விடுங்க. மூணு தடவை. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா பைப்போட அடிப்பக்கம் மட்டும்தான் நனையும். மேல் பக்கம் ஒட்டியிருக்கற பிசுக்கு அப்படியே இருக்கும்.

காரிமங்கலம் வீடு

ஸ்பிரிங் முதலில் இரண்டடியில் டக்கென்று நின்றது, சுற்றியதும் திரும்பிப் போனது. பிறகு ஏழடி வாக்கில் மெத்தென்று இருந்தது. வெளியே வந்தபோது நுனியில் சாம்பல் நிறக் கட்டி, மெழுகு மாதிரி. ஹோஸ் போட்டு, சோடாத் தண்ணீரும் விட்டாச்சு. இப்போது சிங்க் நிறைய தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் போய்விடுகிறது. ஆனால் கட்டடம் கட்டி இரண்டே வருடத்தில் இப்படி அடைக்குமா? பைப் வாட்டத்தில் கோளாறா?

மொரப்பூர் ஜங்ஷன்

மெழுகு மாதிரின்னா கொழுப்பும் உப்புத் தண்ணியும் சேர்ந்து கட்டினதுதான். ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி, பாத்திரத்துல ஒட்டின டால்டா, நெய் இதெல்லாம் பைப்புக்குள்ள ஆறினதும் உறையும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனாலே கட்டும். மார்கழியில இந்த அடைப்பு கூடறது அதனாலதான். கடலை எண்ணெய் நம்ம ஊர்க் குளிருக்கு உறையாது, ஆனா களி மாவுக்கு ஒட்டுப்பசையா இருக்கும்.

வாட்டம் பார்க்க ஒரு வழி இருக்கு. ஒரு குடம் தண்ணி விட்டுட்டு அரை மணி நேரம் சும்மா இருங்க. அப்புறம் மஞ்சத்தூள் கரைச்ச தண்ணி மூணு லிட்டர், ட்ராப் வழியா இல்லாம சுவர் பைப்புல நேரா ஊத்துங்க. ஒருத்தர் சேம்பர்ல நிக்கணும், கையில வெள்ளை மக். எடுத்தவுடனே மஞ்சளா வந்தா பைப்புல தேக்கம் இல்லை. முதல்ல பழைய தண்ணி வந்து, அப்புறம் மஞ்சள் வந்தா நடுவுல எங்கயோ தொய்வு இருக்கு. ஒன்றரை இன்ச் பைப் ஒரு மீட்டருக்குச் சுமாரா ஒரு லிட்டர் பிடிக்கும். பழைய தண்ணி எவ்வளவு வருதுன்னு பார்த்தா தொய்வு எவ்வளவு நீளம்னு குத்துமதிப்பா சொல்லிடலாம்.

காரிமங்கலம் வீடு

முக்கால் மக் கலங்கல் தண்ணீர் வந்த பிறகுதான் மஞ்சள் வந்தது. ஒரு லிட்டர் மக்.

ஓசூர் பிட்டர்

அப்ப ரெண்டரை அடி போல தண்ணி நிக்குது. ஸ்பிரிங் ஏழடியில மெத்துனு பட்டதும் அந்த இடமாத்தான் இருக்கும். பைப்புக்கு அடியில மணல் படுக்கை போட்டு இறுக்காம மூடியிருப்பாங்க.

தரையை விடுங்க. அந்தப் பழைய லைனை மூடி போட்டு அடைச்சிட்டு, சிங்க்குக்கு நேர் பின்னாடி சுவர்ல ஓட்டை போட்டு, வெளிச்சுவர் ஓரமா ரெண்டு இன்ச் பைப் புதுசா ஓட்டுங்க. அடிக்குக் கால் இன்ச் சரிவு. பத்தடிக்கு ரெண்டரை இன்ச் இறங்கணும். அதை விடக் கம்மியானா மாவு படியும். மூணு அடிக்கு ஒரு கிளாம்ப், இல்லன்னா வெயில்ல பைப் தொங்கி அதே கதைதான். திருப்பத்துல 90 டிகிரி எல்போ ஒண்ணுக்குப் பதிலா 45 டிகிரி ரெண்டு போடுங்க, அதுல ஒரு இடத்துலயாவது மூடி கழட்டற டோர் எல்போ. சேம்பர்ல பைப் வாய் தண்ணி மட்டத்துக்கு நாலு விரல் மேலேயே முடியணும். பாட்டில் ட்ராப்பைக் கை கழுவற பேசினுக்கு மாத்திட்டு, சிங்க்குக்கு அடியில திறக்கற மூடி வச்ச வளைவு ட்ராப் போட்டுடுங்க. களி கிண்டற வீட்டுக்கு பாட்டில் ட்ராப் லாயக்கில்ல.

காவேரிப்பட்டணம் அக்கா

புது லைன் போடும்வரை மாதம் இரண்டு முறை அந்தச் சோடாத் தண்ணீர் விட்டுவாருங்கள். கப்ளிங் மேல் சின்னத் துளை ஸ்டீல் ஜாலி ஒன்று வையுங்கள். கறிச்சட்டியைக் கழுவும் முன் பேப்பரால் துடைத்துவிடுங்கள். களி குண்டான் ஊறிய தண்ணீரை சிங்க்கில் விடவே வேண்டாம். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் இருந்தால் அவர்கள் கழுநீர்த் தொட்டிக்குக் கொடுத்துவிடலாம், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். சோப்பு படுவதற்கு முன்னாலேயே வடித்து வைத்துவிட வேண்டும், அது மட்டும் கவனம்.