எஞ்சின் புதிது, பிரேக் கல்: பூஸ்டரை வைப்பதா, கழற்றுவதா?

அல்சூர்_காண்டெஸா:
என் காண்டெஸா காரில் இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சினை ஏற்றி, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டாக ரேஸ் கேம்ஷாஃப்ட்டும் போட்டேன். இழுவை அருமை. ஆனால் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்தால், மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிடுகிறது. நேற்று முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு சாண் இடைவெளியில்தான் வண்டி நின்றது. டிஸ்க், பேட் எல்லாம் புதியவை. நந்தி மலை இறக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. இங்கே மட்டும் ஏன்?

பட்டறைப்பிள்ளை:
எஞ்சின் உறிஞ்சலின் வெற்றிடத்தைக் கொண்டு மிதிக்கு உதவும் பூஸ்டரைக் கழற்றிவிடுங்கள் அண்ணா. மிதியைப் பிரேக் எண்ணெயின் அழுத்தமாக மாற்றும் ஒரு அங்குல மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு 7/8 அங்குலம் போட்டால், அதே மிதிக்கு அழுத்தம் சுமார் 30 சதவீதம் கூடும். பெடலின் நெம்பு விகிதத்தை 4-லிருந்து 6 ஆக்குங்கள். கெட்டுப்போக ஒன்றுமே இருக்காது.

ஓசூர்ச்_சாலை:
தம்பி, பாதிக் கணக்கைத்தான் சொன்னீர்கள். அந்த இரண்டையும் சேர்த்தால் விசை இரண்டு மடங்கு; பெடல் உள்ளே போகும் தூரமும் இரண்டு மடங்கு. பூஸ்டர் தருவதோ அதைவிட எவ்வளவோ அதிகம். அதற்குள் இருக்கும் 9 அங்குலச் சவ்வு, அதாவது டயஃப்ரம், 18 அங்குல (பாதரச அளவு) வெற்றிடத்தில் ஏறத்தாழ 255 கிலோ விசை தரும். வெற்றிடம் 8-க்கு இறங்கினால் 113 கிலோதான்.

காண்டெஸாக்காரரே, ரேஸ் கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். அதனால் ஐட்லிங்கில், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் உறிஞ்சல் சரிந்துவிடுகிறது. மலை இறக்கத்தில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டுவிடுகிறீர்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, காற்று வழி மூடியிருக்கிறது, வெற்றிடம் தாராளம். சில்க் போர்டில் அது இல்லை. போதாக்குறைக்குப் பெங்களூர் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் 18 காட்டும் எஞ்சின் இங்கே 15, 16 காட்டினாலே பெரிது. மின்சார வெற்றிடப் பம்பு வையுங்கள்.

பட்டறைப்பிள்ளை:
ஒரு ஃபியூஸ் போனால் பிரேக் போய்விடும். அதை நம்பிக் குழந்தைகளை ஏற்றுவீர்களா ஐயா?

ஓசூர்ச்_சாலை:
பிரேக் போகாது, உதவிதான் போகும். முழு பலத்தோடு மிதித்தால் வண்டி நிற்கும். டீசல் வண்டிகள் பம்பை நம்பித்தானே ஓடுகின்றன?

பட்டறைப்பிள்ளை:
அவற்றில் பெரும்பாலும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்பு. ஒயரும் ரிலேயும் கிடையாது. இரண்டும் ஒன்றல்ல.

ஓசூர்ச்_சாலை:
அந்த வேறுபாடு நியாயம்தான். அதனால்தான் ஒருவழி வால்வு, சேமிப்புத் தொட்டி, வெற்றிடம் குறைந்தால் ஒலிக்கும் பஸர் மூன்றையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன். வெறும் தொட்டியை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்பவரை நம்பாதீர்கள். தொட்டி இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், வெற்றிடத்தை உண்டாக்காது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகச் சற்று இறங்க வேண்டும்.

அல்சூர்_காண்டெஸா:
இன்று காலை செய்தேன். பெடல் அசையவே இல்லை. வெற்றிட மீட்டர் ஐட்லிங்கில் 8 காட்டியது. பூஸ்டர் வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வெடித்து, விரலை வைத்தால் "உஸ்" என்று காற்று இழுத்தது. மாற்றியபின் 10. பெடல் இப்போது கொஞ்சம் இறங்குகிறது. போதவில்லை. சனிக்கிழமை ஜே.சி. சாலையில் பம்பு தேடப் போகிறேன்.

பட்டறைப்பிள்ளை:
பஸரை மறந்துவிடாதீர்கள் அண்ணா. அது பொருத்தும்வரை வண்டியைச் சில்க் போர்டு பக்கம் எடுக்க வேண்டாம்.