விரைவாக முடித்துவிடும் குழந்தைக்கு அடுத்து என்ன கொடுப்பது? – அனுபவப் பகிர்வு

கோத்தகிரி அருகே, தொடக்கப்பள்ளி ஆசிரியை

ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள பள்ளி எங்களுடையது. மூன்றாம் வகுப்பில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள் படித்தாள். மற்றவர்கள் கணக்கை எழுதிக்கொள்வதற்குள் அவள் விடையைப் போட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுப்பாள். அதே வகைக் கணக்குகளில் இன்னும் பத்தைக் கொடுத்து அவளை உட்காரவைப்பேன். இரண்டு மாதம் கழித்து அவளும் மற்றவர்களைப் போல மெதுவாக எழுதத் தொடங்கியபோது, ஒழுங்குக்கு வந்துவிட்டாள் என்று மகிழ்ந்தேன். சீக்கிரம் முடித்தால் கூடுதல் வேலைதான் கிடைக்கும் என்று கண்டுகொண்டு அவள் தன் வேகத்தை மறைத்திருக்கிறாள் என்பது, அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் முழுப் பயிற்சிக்கும் விடைகள் வரிசையாக இருந்ததைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. அந்தத் தவறு இன்றும் என்னை வருத்துகிறது.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது; பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிட அது உதவுகிறது. மலரையும் தாண்டி நிற்பவளுக்கு நானே வழி தேட வேண்டியிருந்தது. பயிற்சியின் கடைசியில் வரும் கடினமான ஐந்து கணக்குகளை முதலில் கொடுத்தேன்; அவை சரியாக இருந்தால் மீதியை அவள் போட வேண்டியதில்லை. மிஞ்சிய நேரத்தில் அவளுடைய கேள்வியையே வேலையாக்கினோம். நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத்தூள்தான் கிடைக்கும் என்று வீட்டில் கேட்டிருந்தவள், மீதி எடை எங்கே போனது என்றாள். கொழுந்தைக் கடைத் தராசில் நிறுத்து, அடுப்படியில் உலரவைத்து, நாள்தோறும் எடையைக் குறித்து, போனதெல்லாம் தண்ணீர் என்று அவளே சொல்ல 9 நாளாயிற்று; மழை நாளில் எடை குறையாமல் நின்றதற்கான காரணத்தையும் எழுதியிருந்தாள். கணக்குக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பினருடன் உட்காரவைத்தேன். பல வகுப்புகள் ஒரே அறையில் இருப்பதைக் குறையாகவே பேசுகிறோம். இவளுக்கு அது பெரிய வசதி. ஆனால் கையெழுத்திலும், விளையாட்டில் தோற்றால் அழுவதிலும் அவள் 8 வயதுப் பிள்ளைதான் என்பதால், முழுவதுமாக வகுப்பு மாற்றுவதை நான் விரும்பவில்லை.

குன்னூர், ஒரு தாய்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என் மகனிடம் இது வேறு வடிவில் வந்தது. உறவினர் முன்னிலையில் அவனை மகா புத்திசாலி என்று நாங்கள் சொல்லச் சொல்ல, தவறிவிடக்கூடிய எதையும் அவன் தொடவே மறுத்தான். புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, ஒரு தோல்விக்குப் பின் எளிதில் தளர்ந்தார்கள் என்று உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு சொல்வதைப் படித்தபோது, என் வீட்டைப் பார்த்து எழுதியது போலிருந்தது.

நீலகிரி மலை ரயிலின் நீராவி என்ஜின் ஏன் முன்னால் நின்று இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது, கல்லாறிலிருந்து வரும், என்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல் தண்டவாளம் ஏன் குன்னூரோடு முடிகிறது என்று அவன் ஒருநாள் கேட்டான். எனக்கும் தெரியாது, சேர்ந்து பார்ப்போம் என்றேன். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் சரிவில் உருண்டு ஓடாது என்று ரயில் நிலையத்தில் ஒருவர் பொறுமையாக விளக்கினார். இரண்டாவது கேள்விக்கு அவன் முதலில் ஊகித்த விடை தவறு. அட்டையில் செங்குத்தாக ஒன்றும் மென்சாய்வாக ஒன்றுமாகச் சரிவுகள் செய்து, பொம்மை வண்டியை ஏற்றிப் பார்த்து, குன்னூருக்கு மேல் சரிவு குறைவதுதான் காரணம் என்று தானே அதைத் திருத்திக்கொண்டான். தவறு என்று தெரிந்ததும் அழாமல் அட்டையை மீண்டும் மடித்தானே, அந்த மாலையை என்னால் மறக்க முடியாது.

கொடைக்கானல், ஒரு தாத்தா

சீக்கிரம் முடிக்கிறாள் என்பதற்காக என் பேத்தியை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், தோழிகள் விலகினார்கள். நாங்கள் பேசிய பிறகு அது வாரம் ஒருநாளாகக் குறைந்தது. 2006, 2018 என்று குறிஞ்சி பூத்த ஆண்டுகளை வைத்து அடுத்தது 2030 என்று கணக்கிட்டவள், எல்லாச் செடிகளும் எப்படி ஒன்றாகப் பூக்கின்றன என்று கேட்கிறாள். எப்படித் தொடங்கலாம், அம்மா?

கோத்தகிரி அருகே, தொடக்கப்பள்ளி ஆசிரியை

ஐயா, 2018இல் பூத்த செடிகள் விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துவிட்டன. இப்போது நிற்பவை பெரும்பாலும் அவற்றின் விதையில் முளைத்த ஒரே வயதுச் செடிகள். தயவுசெய்து இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பத்துச் செடிகளைக் காட்டி, மாதந்தோறும் உயரத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள்.