குடியேறிய குடும்பங்களுக்கான சமூக மையம் பள்ளிக்குள் இருக்கத்தான் வேண்டுமா?

கணக்கன்:
ஆஸ்திரேலியாவில் 2013 முதல், ஸ்கேன்லன் அறக்கட்டளையின் முன்முயற்சியாலும் அரசு நிதியாலும், தொடக்கப்பள்ளிகளுக்குள் சமூக மையங்கள் நடந்து வருகின்றன. அகதிகளாகவும் குடியேறிகளாகவும் வந்த குடும்பங்களுக்கு அங்கே ஆங்கில வகுப்பு, மழலையர் விளையாட்டுக்குழு, வேலை தேடுவதற்கான வழிகாட்டல் ஆகியவை கிடைக்கின்றன. நோக்கத்தில் எனக்குக் குறையில்லை, இடத்தில்தான் குறை. வயதுவந்தோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் அரசுத் திட்டம் 1948 முதலே இருக்கிறது; ஒருவர் 510 மணி நேரம்வரைதான் படிக்கலாம் என்று முன்பிருந்த வரம்பும் 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அதை விரிவாக்காமல், பாடம் நடத்தவே நேரம் போதாத பள்ளியின் தலையில் இன்னொரு பொறுப்பை ஏற்றுவானேன்?

கரும்பலகை:
அந்தத் திட்டம் நல்லதுதான், நண்பரே. ஆனால் ஒரு தாய் அதில் சேர வேண்டுமானால், அப்படியொன்று இருப்பதை அறிந்து, அலுவலகத்தைத் தேடிப் போய், விசாவைக் காட்டிப் பதிய வேண்டும். பிள்ளையை விடவும் அழைத்துப் போகவும் பள்ளிவாசலுக்கோ அவர் எப்படியும் வந்துதான் ஆக வேண்டும். மேலும், விண்ணப்பத்தின் முடிவு வரும்வரை தங்க அனுமதிக்கும் தற்காலிக விசாவான பிரிட்ஜிங் விசாவில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் நம் ஈழத்தமிழர் பலருக்கு அந்த அரசு வகுப்பில் இடமில்லை. மையத்தில் விசா என்னவென்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தைப் பத்து வயதுப் பிள்ளை படித்துத் தாய்க்கு விளக்குவதும், தாயின் நோயைப் பற்றி அந்தப் பிள்ளையே மருத்துவரிடம் பேசுவதும் எத்தனையோ வீடுகளில் நடக்கின்றன. 131 450 என்ற எண்ணில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருந்தும் இந்த நிலைதான். எண் அச்சிட்ட தாளைக் கையில் கொடுப்பதால் பயம் போகாது. நம்பிக்கைக்குரிய ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, முதல் அழைப்பைச் சேர்ந்தே செய்து காட்ட வேண்டும். அதற்குத்தான் மையத்தின் ஒருங்கிணைப்பாளர்.

கணக்கன்:
நம்பிக்கை என்கிறீர்கள். பள்ளியும் அரசின் முகம்தானே? விக்டோரியா மாநிலத்தில், குழந்தை வதைக்கு ஆளாவதாக நியாயமாக நம்பும் ஆசிரியர் அதை அறிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். தேவையான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிகாரிகளுக்கு அஞ்சியே நாட்டைவிட்டு வந்த ஒரு பெண், தன் வீட்டுச் சச்சரவைப் பள்ளி வளாகத்தில் வாய்திறந்து சொல்வாரா? சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்ச மாட்டாரா? கோடை விடுமுறையில் பள்ளி ஏறத்தாழ ஆறு வாரம் பூட்டிக் கிடக்கிறது. குடும்பங்கள் பள்ளி நாட்காட்டியைப் பார்த்து நாட்டுக்குள் வருவதில்லையே!

மேல்மாடி:
இடையே ஒரு சொல். பேரப்பிள்ளைகள் இல்லாத முதியவர்களும், தனியே வந்த இளைஞர்களும் தொடக்கப்பள்ளி வாசலை மிதிக்கக் காரணமே இல்லை. மையம் எல்லோருக்கும் திறந்திருந்தாலும் அவர்கள் அதை அறியமாட்டார்கள். ஆகவே நூலகம் பொருத்தமான இடம் என்பது என் எண்ணம்.

கரும்பலகை:
நூலகத்திலும் நடக்கட்டும், ஒன்று வந்தால் மற்றது போக வேண்டியதில்லை. அறிவிக்கும் கடமையைப் பற்றிய அச்சம் உண்மையானது என்பதால்தான், எது வெளியே போகும், எது போகாது என்பதை முதல் நாளிலேயே தாய்மொழியில் விளக்கிவிட வேண்டும் என்கிறேன். மறைத்து வைத்துப் பின்னால் தெரிய வந்தால் அந்தத் தாய் மட்டுமல்ல, அவருடைய உறவு வட்டமே திரும்பி வராது. விடுமுறையில் பூட்டிக் கிடப்பது நிதி ஒதுக்கீட்டின் குறை, இடத்தின் குறையன்று.

கணக்கன்:
அப்படியானால் ஒருங்கிணைப்பாளரின் ஊதியத்தைப் பள்ளிப் பருவங்களோடு கட்டிப்போடாமல் ஆண்டு முழுவதற்கும் ஒதுக்கட்டும். தலைமையாசிரியர் மாறினாலும் அந்தப் பணியிடமும் அறையும் பறிபோகாது என்ற உறுதியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இவை இரண்டும் எழுத்தில் வரும்வரை என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கும்.