பேக் அடித்தால் பட்டியல் உச்சிக்குப் போகிறது: சறுக்கல் அனிமேஷன் முதலா, நிலையைக் காப்பது முதலா?

புதுநிரலி:
எங்கள் மொபைல் வெப் ஆப்பில் நீளமான பொருள் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஃபில்டர் போட்டு, கீழே தள்ளிக்கொண்டே போய், ஒரு பொருளைத் தொட்டால் விவரப் பக்கம் திறக்கும். பேக் அடித்தால் பட்டியல் மறுபடி உச்சியில் நிற்கிறது, ஃபில்டரும் காணோம். மேலிடம் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்கள் கேட்பது, "நேட்டிவ் ஆப் மாதிரி பக்கம் வலமிருந்து சறுக்கி வர வேண்டும்." இப்போது இருப்பது சர்வரே எச்டிஎம்எல் அனுப்பும் சாதாரணத் தளம். மொத்தத்தையும் எஸ்பிஏவாக (ஒரே பக்கத்தை ஏற்றி, மற்றதை ஜாவாஸ்கிரிப்டே மாற்றிக் காட்டும் ஆப்) மாற்றி எழுதலாம் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள், வேண்டாம் என்று மீதிப் பேர். உங்கள் கருத்து?

அடுக்குக்காரன்:
மாற்றி எழுதுங்கள். நேட்டிவ் ஆப் நன்றாக இருப்பதற்குச் சறுக்கல் மட்டும் காரணமில்லை. ஐஓஎஸ்ஸில் புதுத் திரை மேலே வரும்போது பழைய திரை அழிவதில்லை, அடியில் உயிரோடு கிடக்கிறது. அதனால்தான் திரும்பும்போது ஸ்க்ரோல், பாதி டைப் செய்த எழுத்து, திறந்து வைத்த மெனு எல்லாம் விட்ட இடத்தில் இருக்கின்றன. வெப்பில் அது வேண்டுமென்றால் பக்கங்களை டாமில் (பிரவுசர் மெமரியில் வைத்திருக்கும் பக்க அமைப்பு) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்க வேண்டும். அயோனிக் என்ற மொபைல் ஆப் கருவித்தொகுப்பு அதைத்தான் செய்கிறது. மறைந்த திரையின் நிலையைக் காக்க வியூஜேஎஸ்ஸில் கீப்அலைவ் இருக்கிறது, ரியாக்ட் 19.2-ல் ஆக்டிவிட்டி வந்துவிட்டது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சுமைகுறை:
ஒரு சறுக்கலுக்காக வீட்டையே இடித்துக் கட்டச் சொல்கிறீர்கள். முதலில் ஒரு கேள்வி. பேக் அடித்தால் உச்சிக்குப் போவது பிரவுசரின் இயல்பே இல்லை. சாதாரணத் தளத்தில் பிரவுசர் தானாகவே பழைய ஸ்க்ரோல் இடத்துக்குக் கொண்டுபோய் விடும். பிரவுசரின் பிஎஃப்கேஷ் வசதி வேலை செய்தால் பக்கமே உறைந்த நிலையில் மெமரியில் இருக்கும், திரும்பும்போது அப்படியே எழுந்து வரும். சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இது வெகுகாலமாக உண்டு. ஆண்ட்ராய்டு குரோமில் 2020-ல், 86-ஆம் பதிப்பில் வரத் தொடங்கியது. ஆக, உங்கள் தளத்தில் யாரோ அதைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தைச் சேமிக்காதே என்று சொல்லும் நோ-ஸ்டோர் ஹெடர் போகிறதா? பக்கத்தை விட்டுப் போகும்போது எழும் அன்லோடு ஈவென்டில் ஏதாவது மாட்டியிருக்கிறதா? பட்டியல் ஜாவாஸ்கிரிப்டில் தாமதமாக வருகிறதா? கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் பார்ப்பது: பிரவுசர் பழைய இடத்தைத் தேடும் நேரத்தில் பக்கம் இன்னும் குட்டையாக இருக்கும், போக இடமில்லாமல் உச்சியிலேயே நின்றுவிடும்.

குரோமின் டெவ்டூல்ஸில் (நிரலாளர் கருவிகள்) அப்ளிகேஷன் பகுதிக்குப் போனால் பிஎஃப்கேஷ் சோதனை இருக்கிறது. ஏன் தடைபட்டது என்று அதுவே சொல்லும். அதைப் பார்க்காமல் கட்டமைப்பு பற்றிப் பேசுவது வீண்.

அடுக்குக்காரன்:
அன்லோடு டெஸ்க்டாப்பில்தான் தடை. மொபைல் குரோமும் சஃபாரியும் அது இருந்தாலும் பக்கத்தை வைத்துக்கொள்ளப் பார்க்கும். இவர் கேட்பது மொபைல் பற்றி.

அது போகட்டும். பிஎஃப்கேஷ் என்பது பிரவுசர் மனது வைத்தால் கிடைப்பது. மெமரி குறைந்தால் சொல்லாமல் தூக்கி எறியும். அதை நம்பி ஒரு ஆப்பைக் கட்ட முடியாது. அனிமேஷன்? மல்டி பேஜ் தளத்தில் முன்னே போகிறோமா பின்னே போகிறோமா என்றே தெரியாது. எல்லாம் ஒரே திசையில் சறுக்கினால் பயனருக்குத் தலை சுற்றும்.

பழையதிரை:
இடையில் ஒரு வார்த்தை. ஜேக்வெரி மொபைல் என்ற மொபைல் வெப் நூலகம் 2010-ல் அறிவிக்கப்பட்டபோதும் இதே பேச்சுத்தான். ஸ்லைடு, ஃப்ளிப், பாப் எல்லாம் இருந்தன. அன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் ஒவ்வொரு மாற்றத்திலும் திரை வெள்ளையாக மின்னும். 2021-ல் அதைக் கைவிட்டார்கள். சொல்லத் தோன்றியது, தொடருங்கள்.

சுமைகுறை:
திசை தெரியாது என்பது பழைய கதை. இப்போது இரண்டு பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸிலும் வியூ-டிரான்சிஷன் விதியில் நேவிகேஷன் ஆட்டோ என்று ஒரு வரி போட்டால் பக்கம் விட்டுப் பக்கம் போவதற்கும் அனிமேஷன் கிடைக்கும். இரண்டும் ஒரே ஆரிஜினில் (அதே தள முகவரியில்) இருக்க வேண்டும், அவ்வளவுதான். குரோம் 126-லும் சஃபாரி 18.2-லும் வந்தது. சும்மா விட்டால் கால் நொடி மங்கி மாறும். சறுக்க வேண்டுமென்றால், புதுப் பக்கத்தில் எழும் பேஜ்ரிவீல் ஈவென்டில் நேவிகேஷன் ஆக்டிவேஷனைப் பார்த்து, ஹிஸ்டரி வரிசையில் வந்த இடத்தின் எண்ணையும் இப்போதைய எண்ணையும் ஒப்பிட்டால் திசை தெரிந்துவிடும். அதற்கேற்ற டைப்பை (அந்த மாற்றத்துக்கான அடையாளப் பெயர்) சேர்த்து, சிஎஸ்எஸ்ஸில் இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம். ஆதரவு இல்லாத பிரவுசரில் ஒன்றும் உடையாது, பக்கம் வழக்கம்போல மாறும்.

அப்புறம் உங்கள் டாம் அடுக்கு. பயனர் கேமராவுக்கோ வேறு ஆப்புக்கோ போய்த் திரும்பும்போது ஓஎஸ் டேபைக் கொன்றிருந்தால்? பத்துப் பக்கம் அடுக்கி வைத்திருந்தாலும் பத்தும் ஒரே அடியில் போச்சு. அடுக்கு பெரிதாக ஆக ஆக மெமரி கூடும், கொல்லப்படும் வாய்ப்பும் கூடும். ஆகவே நிலையை எங்காவது எழுதி வைத்தே ஆக வேண்டும். எழுதி வைத்துவிட்டால் அடுக்கு எதற்கு?

அடுக்குக்காரன்:
எதற்கென்றால் வேகத்துக்கு. எழுதி வைத்ததிலிருந்து திரையை மறுபடி கட்ட நேரம் பிடிக்கும். எஸ்பிஏவில் அனிமேஷனைத் தொடங்கும் ஸ்டார்ட்-வியூ-டிரான்சிஷன் அழைத்ததும் பழைய திரையின் படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொடுத்த ஃபங்ஷன் முடியும்வரை பிரவுசர் திரையை உறைய வைக்கும். உள்ளே நெட்வொர்க்கில் டேட்டா கேட்டால் அத்தனை நேரமும் ஆப் செத்தது போல நிற்கும். அடுக்கில் பழைய பக்கம் தயாராக இருந்தால் அந்தச் சிக்கலே இல்லை.

இன்னொன்று. பட்டியலில் நாற்பதாவது பொருளைத் தொடுகிறேன் என்று வையுங்கள். அதன் சிறு படம் வளர்ந்து விவரப் பக்கத்தின் தலைப்படமாக வேண்டும், பேக் அடித்தால் சுருங்கித் தன் கட்டத்துக்கே போக வேண்டும். எல்லாரும் காட்டி மயக்கும் டெமோ இதுதான். திரும்பும்போது பட்டியல் உச்சியில் நின்றால் அந்தக் கட்டம் திரையிலேயே இல்லை. படம் எங்கே போகும்? எங்கோ போகும், இல்லையென்றால் சும்மா மங்கும். முதல் நாற்பது பொருளும் டாமில் இருந்து, ஸ்க்ரோலும் சரியான இடத்தில் இருந்தால்தான் இது நடக்கும்.

சுமைகுறை:
இது நான் சொல்ல வேண்டிய வாதம், நன்றி. நிலை திரும்பாமல் அனிமேஷன் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் மேலிடம் கேட்டது இரண்டாவது வேலை, கேட்காததுதான் முதல் வேலை.

டேட்டா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் பட்டியலின் டேட்டா கையிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். டேட்டா கையில் இருந்தால் போதும், டாம் இருக்க வேண்டியதில்லை. ஃபில்டர் யூஆர்எல்லில் போகட்டும். டேப் செத்தாலும் பிழைக்கும், யாருக்காவது லிங்க் அனுப்பினாலும் அதே பட்டியல் திறக்கும். எத்தனை பொருள் வரை ஏற்றியிருந்தோம், திரையின் மேலே எந்தப் பொருள் இருந்தது என்ற இரண்டையும் ஹிஸ்டரி ரிப்ளேஸ்-ஸ்டேட்டில் (பிரவுசர் வரலாற்றுப் பதிவோடு குறிப்பைச் சேர்த்து வைக்கும் வழி) வையுங்கள். பிக்சலை மட்டும் நம்ப வேண்டாம். போனைத் திருப்பினாலோ எழுத்தின் அளவை மாற்றினாலோ பிக்சல் பொய்யாகிவிடும். பொருளின் ஐடி மாறாது.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: எல்லா அட்டைக்கும் ஒரே வியூ-டிரான்சிஷன்-நேம் (எது எதுவாக மாற வேண்டும் என்று பிரவுசர் பொருத்திப் பார்க்கும் பெயர்) வைத்தால் மொத்த அனிமேஷனும் ரத்தாகும். தொட்ட அட்டைக்கு மட்டும் பெயர் வைத்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

சிறுகண்:
இரண்டு பேரும் விட்டுவிட்ட விஷயம் ஒன்று. ஐபோனில் விளிம்பிலிருந்து விரலால் இழுத்துப் பின்னால் போகும்போது சஃபாரியே ஒரு சறுக்கல் காட்டும். அது முடிந்த கையோடு உங்கள் சறுக்கலும் ஓடினால் பக்கம் இரண்டு முறை வருவது போல இருக்கும். எஸ்பிஏக்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன், எரிச்சலாக இருக்கிறது. பேக் அடிக்கும்போது எழும் பாப்ஸ்டேட் ஈவென்டில், பிரவுசரே அனிமேஷன் காட்டிவிட்டதா என்று சொல்லும் ஹாஸ்-யூஏ-விஷுவல்-டிரான்சிஷன் என்று ஒன்று இருக்கிறது. அது உண்மை என்றால் உங்கள் அனிமேஷனை விட்டுவிடுங்கள். அசைவைக் குறைக்கச் சொல்லி செட்டிங் வைத்திருப்பவர்களுக்கும் சறுக்கல் வேண்டாம். சிலருக்கு உண்மையிலேயே குமட்டும்.

அனிமேஷன் ஓடும்போது தொடுதல் அடியில் இருக்கும் பக்கத்துக்குப் போகாது என்பதையும் மனதில் வையுங்கள். அரை நொடி அழகு பார்த்தால் வேகமாகத் தட்டுகிறவருக்கு ஆப் கேட்கவில்லை என்றுதான் தோன்றும்.

புதுநிரலி:
சோதனையை ஓட்டிப் பார்த்தேன். லாகின் செய்தவர்களுக்கு எல்லாப் பக்கத்துக்கும் நோ-ஸ்டோர் போகிறது. பட்டியலின் முதல் தொகுதி மட்டும் சர்வரில் இருந்து வருகிறது, மீதி ஜாவாஸ்கிரிப்ட். பட்டியல் பக்கத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை, அதற்கு நோ-ஸ்டோரை எடுத்துவிடலாம் என்று சர்வர் ஆட்கள் ஒப்புக்கொண்டார்கள். எஸ்பிஏ பேச்சை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

அடுக்குக்காரன்:
பட்டியலுக்குச் சரி. ஐந்தாறு படி நிரப்பும் படிவம், நடுவில் படம் ஏற்றுவது, மேலே வரைபடம் என்று வந்தால் அப்போது என்னிடம் வருவீர்கள். வரைபடத்தின் ஜூமையும் பாதி ஏறிய படத்தையும் யூஆர்எல்லில் எழுத முடியாது.

சுமைகுறை:
படிவத்துக்கு ஒவ்வொரு படியும் முடிந்ததும் பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்டு-டிபியில் எழுதுங்கள். பக்கம் திரையிலிருந்து மறையும்போது, அதாவது விசிபிலிட்டி-சேஞ்ச் ஹிடன் ஆகும்போதும் ஒரு முறை எழுதுங்கள். மொபைலில் நம்பக்கூடிய கடைசி ஈவென்ட் அதுதான், அதற்குப் பிறகு சொல்லாமலே கொல்வார்கள். டேப் இருக்கும்வரை நிற்கும் செஷன் ஸ்டோரேஜ் சின்ன விஷயங்களுக்குப் போதும், படத்துக்கு ஆகாது. ஆனால் சஃபாரியில் எச்சரிக்கை: பயனர் தளத்தைத் தொடாமல் சஃபாரியை 7 நாள் பயன்படுத்தினால் ஸ்கிரிப்ட் எழுதிய சேமிப்பு எல்லாம் துடைக்கப்படும். 2020-ல் இருந்து இப்படித்தான். ஹோம் ஸ்க்ரீனில் சேர்த்த ஆப்புக்கு இந்தக் கணக்கு கிடையாது. நீண்ட நாள் கிடக்க வேண்டிய வரைவு என்றால் சர்வருக்கு அனுப்பிவிடுங்கள்.

வரைபடத்துக்கு அடுக்கு வையுங்கள், நான் தடுக்கவில்லை. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்.

அடுக்குக்காரன்:
ஜூமும் நடுப்புள்ளியும் யூஆர்எல்லில் போகும் என்று அடுத்து சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

சுமைகுறை:
போகும். பாதி ஏறிய படம்தான் போகாது.