முழங்கால் சவ்வு கிழிஞ்ச ஆள் சைக்கிள் ஓடலாமோ?

கரப்பந்துக்காரன் (விசுவமடு)

வணக்கம். வயது 43. தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை ஒரு மேட்ச்சில பந்தை அடிச்சிட்டு இறங்கேக்க, கால் நிலத்தில நிக்க உடம்பு மட்டும் திரும்பிட்டுது. ‘டக்’ எண்டு ஒரு சத்தம். வலது முழங்கால். ஸ்கான் எடுத்துப் பார்த்தால் உள்பக்கச் சவ்வு கிழிஞ்சிருக்காம், மெனிஸ்கஸ் எண்டவை. ஒப்பரேசன் இப்போதைக்குத் தேவையில்லை, தொடைத்தசையை உரமாக்கு, ஓடாதை, குந்தாதை எண்டு சொல்லி அனுப்பிட்டினம். பிசியோ மிஸ் சொன்னபடி காலை நீட்டித் தூக்கிற பயிற்சியை ஒழுங்காச் செய்யிறன்.

ஆனா அஞ்சு மாசத்தில 76 கிலோ 84 ஆயிட்டுது. பிரஷரும் ஏறிட்டுது. முந்தி விடிய எழும்பிக் குளக்கட்டில அஞ்சு கிலோமீற்றர் ஓடுறனான். இப்ப அதே கட்டில நடந்தால், ஏறேக்க பிழையில்லை, இறங்கேக்க உள்ளுக்கை அராவுது. நீந்து எண்டு எல்லாரும் சொல்லினம். இஞ்ச நீந்திறதெண்டால் குளம்தான், குளத்தில முதலை. ஜிம்முக்குப் போக பெற்றோல் காசு கட்டாது.

வீட்டில அப்பாவின்ர பழைய லுமாலா சைக்கிள் நிக்குது. இரண்டு நாள் ஓடிப் பார்த்தன், முழங்காலுக்கு முன்பக்கம் நோகுது. சைக்கிளும் சரிவராதோ?

லண்டன் மருமகன்

அண்ணை, நான் இஞ்ச நீச்சல் தடாகத்தில நடந்துதான் மாறினனான். நெஞ்சு மட்டும் தண்ணியில நிண்டால் உடம்புப் பாரத்தில மூண்டில ஒரு பங்குதான் காலுக்கு வரும். நீந்தத் தேவையில்லை, நடந்தாலே காணும்.

கரப்பந்துக்காரன்

தம்பி, நெஞ்சு மட்டும் தண்ணியில நான் நடந்தால் முதலைக்குத்தான் வசதி.

ஒற்றைமிதி

தம்பி, எனக்கு இருக்கிறது ஒரு முழங்கால்தான். மற்றது 2009 இல தொடையோட போச்சு. சைக்கிளுக்குப் பொய்க்காலைக் கழட்டி வைச்சிட்டு, ஊன்றுகோலைப் பாரில கட்டிக்கொண்டு, பெடலில ரியூப் வார் போட்டு ஒற்றைக்காலால மிதிக்கிறனான். இந்த ஒரு மூட்டையும் விட்டால் வேற இல்லை எண்டதால சொல்லுறன், கேளுங்கோ.

முன்பக்கம் நோகுது எண்டால் சீட் பதிவு. எங்கட ஊரில இரண்டு காலும் நிலத்தில முட்டோணும் எண்டுதானே சீட்டைப் பதிச்சு வைக்கிறது? அது நிக்கிறதுக்கு நல்லம், ஓடுறதுக்குக் கூடாது. பெடல் அடியில நிக்கேக்க குதிக்காலைப் பெடலில வைச்சுப் பாருங்கோ. கால் முழுசா நீள வேணும். பிறகு முன்பாதத்தால மிதிக்கேக்க முழங்கால் 25, 30 பாகை அளவிலதான் மடங்கி நிக்கும். அதுக்குப் பிறகு பின்பக்கம் நோகத் தொடங்கினால் கூட உயர்த்திப் போட்டியள், அரை விரல் பதியுங்கோ.

அடுத்தது, லுமாலாவுக்குக் கியர் இல்லை, பாரம் முழுக்க மூட்டில. பின்சில்லில சங்கிலி ஓடுற பல்லுச் சக்கரம், ஃப்ரீவீல், 18 பல்லு எண்டால் சைக்கிள் கடையில 20 பல்லு, கிடைச்சால் 22 போடச் சொல்லுங்கோ. சங்கிலிக்கு ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரும். வேகம் குறையும், அது பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியது மூச்சு வாங்கிறதுதான். 15 செக்கனுக்கு வலது முழங்கால் 18 தரமாவது மேல வரவேணும். மெல்லமா ஊண்டி மிதிக்கிறதைவிடக் கெதியா லேசா மிதிக்கிறது மூட்டுக்கு நல்லது.

இது சோளகக் காலம், தென்மேல் காத்து. தருமபுரம் பக்கம் போகேக்க முகத்தில அடிக்கும். வெள்ளன அஞ்சரைக்கு இறங்கினால் காத்து எழும்ப முன்னம் திரும்பலாம். எதிர்க்காத்தில எழும்பி நிண்டு மட்டும் மிதிக்காதேங்கோ.

முதல் கிழமை பத்து நிமிசம் காணும். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிசம் எண்டுது, அங்க ஆறுதலாப் போய்ச் சேருங்கோ. ஓடேக்க கதைக்க ஏலும், பாட ஏலாது எண்டால் வேகம் சரி. நோவு பத்துக்கு மூண்டைத் தாண்டினாலோ, அடுத்தநாள் விடிய வீங்கியிருந்தாலோ பாதியாக்குங்கோ. மூட்டு இறுகி நீட்டேலாமல் நிண்டால், இல்லாட்டி நடக்கேக்க திடீரெண்டு மடங்கி விழுத்தினால், சைக்கிளை விட்டிட்டு டொக்டரிட்டைப் போங்கோ.

நிறையைப் பற்றியும் ஒண்டு. பருத்த, மூட்டுத் தேய்ஞ்ச ஆக்களை வைச்சு அளந்திருக்கினம்: ஒரு கிலோ குறைஞ்சால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில நாலு கிலோ பாரம் குறையுது. உங்கட எட்டுக் கிலோவை நீங்களே பெருக்கிப் பாருங்கோ.

கச்சான் தோட்டம்

குந்தாமல் தோட்டம் செய்யேலாது எண்டு நினைச்சு வீட்டை இருந்திடாதேங்கோ தம்பி. நான் களை புடுங்க ஒரு பழைய பெயின்ற் வாளியைக் கவிட்டு வைச்சு அதில இருக்கிறனான். நோகிற காலை நீட்டி வைச்சுக்கொண்டு வாளியை அரக்கி அரக்கிப் போறது. மழை நாளில கிணத்தில கப்பியால இருபது வாளி அள்ளுங்கோ, சைக்கிளை விட மூச்சு வாங்கும்.

கரப்பந்துக்காரன் (ஆறு கிழமைக்குப் பிறகு)

சீட் குழாய் கறள் பிடிச்சு அசையவே இல்லை. மண்ணெண்ணை விட்டு ஒரு இரவு வைச்சிட்டு, கடைக்காரர் சுத்தியலால தட்டித்தான் எடுத்தது. மூண்டு அங்குலம் உயர்ந்திருக்கு. “என்னடா கொக்கு மாதிரி இருக்கிறாய்” எண்டு அம்மா கேட்டவ. 20 பல்லுத்தான் கிடைச்சது.

முன்பக்க நோ இரண்டாம் கிழமையே போயிட்டுது. இப்ப ஒருக்கா 35 நிமிசம், கிழமைக்கு நாலு நாள். நிறை 81. இறங்கேக்க கால் எட்டாது, அதால மதகுக் கட்டாப் பார்த்து நிப்பாட்டி, நல்ல காலை, இடதை, முதல் ஊண்டுறன். குளக்கட்டு இறக்கத்தில இன்னும் அராவுதுதான். கரப்பந்தைப் பற்றிப் பிசியோ மிஸ்ஸிட்டை இன்னும் கேக்கேல்லை, பயம்.

அண்ணை, ஒண்டு கேக்கோணும். தருமபுரத்துக்குக் கிட்ட ஒரு நாய் ஒவ்வொரு நாளும் துரத்துது. அப்ப மட்டும் எழும்பி நிண்டு மிதிச்சுப் போடுறன், அண்டைக்குப் பின்னேரம் நோகுது. என்ன செய்ய?

ஒற்றைமிதி

இறங்கி நில்லுங்கோ, நீங்கள் நிண்டால் அதுவும் நிக்கும். எனக்கு உடனை இறங்கேலாது, நான் ஊன்றுகோலைக் காட்டுறனான்.